கத்தரிக்குத் தப்பிய வரிகள்

முன்னால் வந்த காதைவிடப் பின்னால் வந்த கொம்பு உசத்தி என்பார்கள். கொம்பு முளைப்பதைப் பார்த்துக்கொண்டு அந்தக் காது என்ன பாடுபட்டிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. எண்பதுகளின் பின்பாதியில், பம்பாயில், தாராவியில், தோல் ஜாக்கெட் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆபீசில் நான் காது. எனக்கு அடுத்த வருஷம் வந்து சேர்ந்த பெண் கொம்பு.

அவளைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் ஒன்றும் பெரிதில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று அதை விற்றவர் பயமுறுத்தி வைத்திருந்தார். நான் பயபக்தியோடு கழற்றி, காலைத் துடைத்து, கும்பிடு போடாத குறையாகப் போய் உட்காருவேன். அவள் காலை உதறிச் செருப்பை மூலைக்கு எறிந்துவிட்டு வந்தாள். நான் மாதக்கணக்கில் பயந்து பயந்து பழகிய மெஷினைத் தன் வீட்டுத் தையல் மெஷின் மாதிரித் தட்ட ஆரம்பித்தாள். ஏதோ வகுப்பில் முறையாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். நானோ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, ஆபீஸ் செலவில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போனவள்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிச் செம்பூருக்குப் போனவள். அவள் தாராவிக்குள்ளேயே லேபர் கேம்ப் என்ற பகுதியில் பிறந்தவள். அவள் அம்மா எங்கள் ஆபீசுக்குக் கீழேயே இருந்த பட்டறையில் ஜாக்கெட்டுக்கு லைனிங் தைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய். பட்டறையில் பாதிப்பேர் அவருடைய ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். மாடிப்படியில் ஏறும்போதே தோல் வாசனையும் ரப்பர் பசை வாசனையும் சேலையில் ஏறிக்கொள்ளும். நான் பட்டறைக்குள் இறங்கியதே கிடையாது. மாடியில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு டிராயர், அதற்கு ஒரு சாவி. அதற்கு மேல் கீழே என்ன நடந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் பாய் செம்பூரில் ஓர் இடம் பிடித்தார். வெளிநாட்டு வியாபாரிகளைத் தாராவிச் சந்துக்குள் கூட்டி வர அவருக்குக் கூச்சம். செம்பூரில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டு, ஏசி வைத்து, இரண்டாவது கம்ப்யூட்டரும் வைக்கப் போவதாகச் சொன்னார். அதைப் பார்த்துக்கொள்ள எங்கள் இருவரில் ஒருவர் போக வேண்டும். அந்த ஆபீசின் ஜன்னல் எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

எனக்கு அப்போது ஒன்றரை வயதில் ஒரு பையன். காலையில் அவன் தூங்கி எழுவதற்கு முன்னால் அவனை எதிர் ஃப்ளாட் மாவுஷியிடம் விட்டுவிட்டுக் கிளம்புவேன். மாவுஷி என்றால் மராத்தியில் சித்தி. எங்கள் மாடியில் எல்லோருக்கும் அவர் மாவுஷிதான். செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி மாறி, சயனில் இறங்கி நடந்து போய்ச் சேருவேன். திரும்பி வரும்போது பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளை பெற்றவள், மற்ற நாளெல்லாம் நான் ரயிலுக்கு வாக்கப்பட்டவள் என்று என் கணவரிடம் சண்டை போடுவேன். செம்பூர் ஆபீஸ் கிடைத்தால் மத்தியானம் வீட்டுக்கு வந்து என் கையால் அவனுக்குச் சோறு ஊட்டலாம். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதை அந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கும் உத்தேசம் எனக்குத் துளியும் இல்லை.

அதுவரை கம்ப்யூட்டரில் கடிதமும் பில்லும் மட்டுமே அடித்துவந்தோம். அன்றன்றைக்குப் பட்டறையில் ஆக வேண்டிய வேலைகளைப் பாய் சின்னச் சின்னச் சீட்டுகளில் கிறுக்கி அனுப்புவார். இனி அதையும் கம்ப்யூட்டரிலேயே போட்டு, தாளில் அச்செடுத்துக் கீழே அனுப்புங்கள் என்றார் ஒருநாள். பட்டியல் போடுவதற்கென்றே தனி மென்பொருள் இருக்கிறதாம், பிறகு வாங்கலாம், அதுவரை வெறும் எழுத்தாக ஒரு ஃபைலில் அடித்துக்கொள்ளுங்கள் என்று மெஷின் விற்றவரும் சொல்லிவிட்டார். வியாபாரிகளில் பாதிப்பேரின் வேலை எனக்கு, மீதி அவளுக்கு. யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று பாய் பார்க்கப்போகிறார் என்பது இருவருக்குமே தெரியும்.

நான் ஒரு தலைப்பு அமைத்தேன். தாளின் உச்சியில், நடுவில், தடித்த எழுத்தில் வியாபாரியின் பெயர். அதற்குக் கீழே ஆர்டர் எண், கப்பலேற வேண்டிய நாள், தோல் என்ன நிறம், லைனிங் என்ன நிறம், யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாக, நேர்க்கோட்டில். அதற்குக் கீழே இரட்டைக் கோடு. கோட்டுக்குக் கீழேதான் வேலைகள்: கை வெட்டு, காலர் வெட்டு, லைனிங் தையல், ஜிப் வைத்தல். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது டைப்பிஸ்டுக்கு அவமானம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாமே உச்சியில் ஒரு தடவை. அந்தத் தாளைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும்.

அவள் தாளில் தலைப்பே கிடையாது. முதல் வரியிலேயே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு வரியிலும் எல்லாமே திரும்பத் திரும்ப வரும்: காலர் வெட்டு, இன்ன வியாபாரி, மெரூன் லைனிங், வெள்ளிக்கிழமை, இன்னாரிடம். அடுத்த வரியில் மறுபடியும் அதே வியாபாரி, அதே மெரூன், அதே வெள்ளிக்கிழமை. வேலை முடிந்தால் வரியின் தொடக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆள் பெயருக்கு முன்னால், விலைக்குப் போடுவோமே அந்த அட் தி ரேட் குறி. எனக்குத் தாங்கவில்லை.

"இது என்ன, ஆளுக்கு விலை போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

"வெலை இல்லக்கா. எந்த வேலை யார்ட்ட கெடக்குன்னு தேடணும்லா? பேருக்கு முன்னால இந்தக் குறி இருந்தா சட்டுனு தேடிக் குடுத்துரும். நம்ம ஃபைல்ல வேற எதுக்கும் இது வராதுல்லா."

சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினாள். பட்டறையில் தோல் வெட்டும் கட்டிங் மாஸ்டரின் பெயரை அந்தக் குறியோடு அடித்தாள். அவரிடம் தேங்கிக் கிடந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அதையே என் ஃபைல்களில் தேடினால் மாஸ்டர் பெயர் தலைப்பில் மட்டும் கிடைக்கும். அவரிடம் இருப்பது எந்த வேலை என்று தெரியாது. அவள் தாளை மேலும் கீழும் பார்த்தேன். "பார்க்க அசிங்கமா இருக்கு" என்றேன்.

"அசிங்கம்தாங்க்கா" என்று அவள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பாய் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையதை எடுத்து, "நல்லா லட்சணமா இருக்கும்மா" என்றார். அன்று சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் கிடைக்காததுகூட எனக்கு உறைக்கவில்லை. செம்பூர் ஆபீசுக்கு எந்த நிறத்தில் திரை போடலாம் என்று குர்லாவரை யோசித்துக்கொண்டு போனேன்.

பத்துப் பதினைந்து நாளில் அந்தச் சந்தோஷம் முடிந்தது. என் வியாபாரிகளில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி ஜாக்கெட். ஒருவருக்கு மெரூன் லைனிங், மற்றவருக்குக் கறுப்பு. பெட்டியில் அடுக்கும்போது பார்த்தால் மெரூன் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மெரூன். பாய் என்னைக் கீழே கூப்பிட்டார். அன்றுதான் முதல்முதலாகப் பட்டறைக்குள் காலடி வைத்தேன்.

என் தாள்கள் என்ன ஆயின என்பதை அங்கேதான் பார்த்தேன். கட்டிங் மாஸ்டர் தோல் வெட்டும் பெரிய கத்தரியால் என் தாளை வரிவரியாக வெட்டிவைத்திருந்தார். கை வெட்டிய தோலைக் கட்டி, அந்தக் கட்டுக்குள் 'கை வெட்டு' என்ற துண்டைச் செருகியிருந்தார். லைனிங் துணியோடு 'லைனிங் தையல்' என்ற துண்டு. பாயின் கிறுக்கல் சீட்டுகள் இருந்த காலத்திலிருந்தே அவர்களுடைய வழக்கம் அது. ஒரு வேலைக்கு ஒரு துண்டு. அது கட்டோடு கட்டாக மேஜை மேஜையாகப் போகும். கம்ப்யூட்டர் வந்து சீட்டுகளெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீளமாக வருகிறதே என்று அவர்கள் கத்தரியை எடுத்திருக்கிறார்கள். என் தலைப்பு? அது அழகாக இருந்ததால் அதை மட்டும் வெட்டாமல் முழுசாகச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். ஐந்தாறு தலைப்புகள், இரட்டைக் கோட்டோடு, வரிசையாக.

"கீழ்ப்பக்கம் எல்லாத் தாளும் ஒண்ணு போலயே இருந்துச்சு தாயி" என்றார் மாஸ்டர். "எது எந்தத் தலைக்குச் சேந்ததுன்னு ஒரு அடையாளமும் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை லைனிங் தைக்கும் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். அவள் அம்மாவும்தான். அவளுடைய ஆர்டர்களில் ஒரு கைகூட மாறிப்போகவில்லை. வெட்டினாலும் கிழித்தாலும் அவளுடைய வரி எங்கே போனாலும் தன் ஊர், பேர், நாள், நட்சத்திரம் அத்தனையையும் மடியில் கட்டிக்கொண்டு போயிற்று.

திங்கட்கிழமை அவளிடம் கேட்டேன். "வெட்டுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. எங்கம்மா சின்ன வயசுலயே என்னயக் கொண்டாந்து பக்கத்துல உக்கார வச்சுக்கிடுவா. அந்தத் துண்டுகள வச்சுத்தான் வெளையாடுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

அவள் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்க கேக்கலியே" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் சொன்னா மட்டும் நீங்க கேட்டிருப்பீகளாக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டாள். கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனால் கேட்டிருக்க மாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியலாம்? அவளும் செம்பூர் நாற்காலியைக் குறிவைக்கிறாள் என்று அன்று முடிவு கட்டினேன்.

அவளைப் போலவே நானும் வரிவரியாக எழுதிவிட்டுப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவளைப் பார்த்து எழுதுவதைவிடக் கையை வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது எனக்கு. ராத்திரி பையனுக்குத் துணி மாற்றிக்கொண்டே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண். அந்த எண்ணுக்கு எந்த வியாபாரி, என்ன லைனிங், எந்த நாள், யார் என்ற விவரமெல்லாம் தனியாக வேறொரு ஃபைலில். வெட்டினால் வெட்டட்டும், எண் துண்டோடு போகும். பார்க்கவும் சுத்தம். அட் தி ரேட்டும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.

அந்த விவர ஃபைலை ஒரு தனி ஃப்ளாப்பியில் வைத்தேன். ஃப்ளாப்பி என் டிராயரில். சாவி என் கைப்பையில். பத்திரமாக இருக்க வேண்டுமே என்றுதான் வைத்தேன், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மாதம் நான் ராணி மாதிரி இருந்தேன். கீழேயிருந்து யாராவது ஒருவர் படியேறி வந்துகொண்டே இருப்பார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நாப்பத்தேழு என்னது?" என்பார்கள். நான் நிதானமாக ஃப்ளாப்பியைப் போட்டு, ஃபைலைத் திறந்து, "கறுப்பு லைனிங், புதன்கிழமை" என்பேன். மாஸ்டர் வருவார், ஜிப் வைக்கிறவர் வருவார், அவள் அம்மாகூட ஒருநாள் வந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். எனக்கு அது அப்போது அவளுடைய தோல்வியாகத் தெரிந்தது. ஒரு தடவை அவளாகவே, "மேலயும் கீழயும் ஏறி எறங்கி அவுகளுக்கு முட்டி தேஞ்சிரும்க்கா" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மாவுஷியிடம் காய்ச்சல் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் ஆபீசுக்கு மட்டம் போட்டேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அவள் நிற்கிறாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கத்தை கத்தையாக என் காகிதத் துண்டுகள்.

"பட்டறை பாதி பந்த் ஆயிருச்சுக்கா. எந்த நம்பர் என்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. பாய் ஒங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாவ."

நான் இல்லாவிட்டால் பட்டறை ஓடாது என்பதை அவள் வாயாலேயே கேட்டேன். மழையில் நனைந்து, ரயில் மாறி வந்து, என் வாசலில் நின்று சொல்கிறாள். காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு சந்தோஷப்படக் கூடாது என்று முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

உட்காரவைத்துக் காப்பி போட்டேன். துண்டுகளைத் தரையில் பரப்பி ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் எனக்கே நினைவில்லை. பையன் சிணுங்கினான். நான் எழுந்துபோவதற்குள் அவள் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து என்னிடம் ஒரு வாய் குடிக்காதவன், அவள் கையிலிருந்து கஞ்சியை வாங்கிக் குடித்தான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவனை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் அழுதான்.

அவள் எழுந்து பால்கனியில் போய் நின்றாள். "அந்த ஜன்னலா புது ஆபீசு?" என்றாள்.

"ஆமா."

"நல்ல காத்து வருதுக்கா இங்க. தோல் வாசனையே இல்ல."

செம்பூர்க் காற்றைப் பம்பாயே பழிக்கும். மழை நாளில் ரசாயனத் தொழிற்சாலைகளின் நெடி தொண்டையைக் கமறும். அதைப் போய் இவள் மூச்சை இழுத்து இழுத்து வாங்குகிறாளே என்று நினைத்தேன். வெகுநேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது, "இப்பிடி ஒண்ணொண்ணா முடியாதுக்கா. டிராயர் சாவியைக் குடுத்துருங்களேன்" என்றாள். பையன் தோளில் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தான். கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அதற்குத் தும்பிக்கை இருக்கிறது.

காய்ச்சல் இறங்கி நான் திரும்பிப் போனபோது டிராயர் பூட்டித்தான் இருந்தது. சாவியை மரியாதையாக என் மேஜையில் வைத்திருந்தாள். ஃபைலைத் திறந்தேன். எண்கள் எதுவும் இல்லை. என் வியாபாரிகளுடைய வேலை அத்தனையும் அவளுடைய வரிகளாக மாறியிருந்தன. தனி ஃபைலில் நான் ஒளித்து... பத்திரமாக வைத்திருந்த விவரம் எல்லாம் ஒவ்வொரு வரியின் வாலிலும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கும் என்று காலை முழுக்கக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. மத்தியானம் மாஸ்டர் வந்தார். தண்ணீர்ப் பானையில் தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, "பிள்ளைக்குத் தேவலையா தாயி?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கீழே தையல் மெஷின்கள் ஒரே சீராக ஓடும் சத்தம் மாடிவரை வந்தது. ஒரு வேலையைப் பற்றிய விவரத்தை அந்த வேலையைவிட்டுப் பிரித்து வேறிடத்தில் வைத்தால், பிறகு விவரத்துக்குக் காவல் காப்பதே ஒரு தனி வேலை ஆகிவிடும். அந்த வேலையைத்தான் நான் ஒரு மாதம் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாத கீழ்த்தளத்தில், எண்ணெய்க் கையோடு துண்டை எடுத்துப் பார்க்கிற ஒருவருக்கு அந்தத் துண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இது எனக்கு அன்றே புரிந்துவிட்டது. புரிந்ததால் எரிச்சல் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

செம்பூர் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பாய் கூப்பிட்டு அனுப்பியபோது, கண்ணில் தண்ணீர் வராமல் இருந்தால் போதும் என்றுதான் அவர் அறைக்குள் போனேன்.

"செம்பூருக்கு நீங்க போயிருங்கம்மா" என்றார் அவர்.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். சனியன், வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் பாய், என்னை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். "அந்தப் புள்ள இல்லாம இங்க ஒரு நேரம் ஓடாதும்மா. அது மாத்தி அடிச்ச பெறவு நீங்க இல்லாமலே இத்தன நாளு நல்லாத்தானே ஓடிச்சு? அதான், நீங்க போனா இங்க ஒண்ணும் கெட்டுப்போவாது" என்றார். குத்திக்காட்டுகிற மனுஷர் இல்லை அவர். கணக்குச் சரியாக வந்த திருப்தியில் சொன்னார். ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு நான் தலையாட்டினேன்.

கடைசி நாள் சாயங்காலம் என் டம்ளர், தட்டு, குடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவளும் கூடவே எழுந்து வந்தாள். செருப்பு விடும் இடத்தில் நான் குனிந்து வாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "நானும் கேட்டேங்க்கா" என்றாள்.

"எதை?"

"செம்பூர. பாய்ட்ட ரெண்டு தடவ போய்க் கேட்டேன். நீ போனா யாரு பாக்குறதுன்னுட்டாவ." சுவரில் சாய்ந்துகொண்டாள். "பெறந்ததுலேர்ந்து இந்தத் தோல் நாத்தம்தான். படிச்சா வெளிய போயிரலாம்னு எங்கம்மா சொன்னா. படிச்சு என்னத்துக்கு, எங்கம்மா தலைக்கு மேலயே ஏறி உக்காந்திருக்கேன். நல்லா செஞ்சா இங்கயே கெடக்கணும் போலருக்கு. உங்களுக்கென்ன, ஏசி, வீட்டுப் பக்கம், புள்ளையப் பாத்துக்கிடலாம். எனக்கு வயிறு எரியுதுக்கா, சும்மா சொல்லக் கூடாது."

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். "இரு, உனக்கும் வரும்" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினேன். கடைசிப் படி வரும்போது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து எரிகிறாளாம். சயன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நின்று, யாருக்கும் தெரியாமல் ஒரு ப்ளேட் பேல்பூரி வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன்பும் பின்பும் தின்றதில்லை.

செம்பூர் ஆபீசில் முதல் நாள். புது மெஷின் வேறொரு கம்பெனியுடையது. தாராவியிலிருந்து வந்த ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தேன். ஆசைக்காக என் பழைய தலைப்புத் தாள் ஒன்றையும் திறந்து பார்த்தேன். தடித்த எழுத்தும் அடிக்கோடும் இருந்த இடமெல்லாம் கோணல்மாணலாக என்னென்னவோ குறிகள். வியாபாரியின் பெயரே படிக்க முடியவில்லை. அவளுடைய ஃபைல் ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. பெருக்கல் குறி, வேலை, ஆள், நிறம், வெள்ளிக்கிழமை. வெறும் எழுத்தை எந்த மெஷினும் படித்துவிடும் போலிருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு எழுந்தேன். மணி ஒன்று ஆகியிருந்தது. ரோட்டைத் தாண்டினால் வீடு.

மாவுஷி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பையன் அவர் மடியில் உட்கார்ந்திருந்தான். அவர் வரண்-பாத் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். பருப்பும் சோறும், மேலே ஒரு சொட்டு நெய். ஒவ்வொரு உருண்டைக்கும் அவர் ஏதோ ஒரு மராத்திப் பாட்டின் ஒரு அடியைச் சொல்ல, அவன் அடுத்த அடியின் கடைசி வார்த்தையைச் சொன்னான். அவனுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாது.

"வாடா, அம்மா ஊட்டறேன்" என்று கையை நீட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தான். இது ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் ஆயிற்றே, இன்றைக்கு எங்கே வந்தாள் என்கிற மாதிரி பார்த்தான். பிறகு மாவுஷியின் முந்தானையை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டான். மாவுஷி சங்கடத்தோடு சிரித்து, "நாளைக்குப் பழகிடுவான், நீ போய்ச் சாப்பிடு" என்று ஹிந்தியில் சொன்னார்.

எதிர்ப்பக்கம் என் வீட்டைத் திறந்து, கதவைச் சாத்தாமல், அவர்களைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து தட்டில் மோர்சாதத்தைப் போட்டுக்கொண்டேன். அதைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த நேரத்துக்குத் தாராவியில், தோல் நாற்றத்துக்கு நடுவில், ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை நினைத்து வயிறெரிந்துகொண்டிருப்பாள். இப்போது பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள், கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்து நினைத்துத்தான் அந்தத் தட்டைக் காலி செய்தேன்.